ஃபேமிலிக்கு மட்டும்

தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க பேச்சிலருங்களா?

அட, எதுக்குங்க அப்புடி வெடுக்குனு ஜன்னல் பக்கம் திரும்பறீங்க? பொண்ணு குடுக்கறதுக்கெல்லாம் கேக்கலீங்க. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு, அவ இன்னும் காலேஜே முடிக்கல. ஒரு காரியமாத்தான் கேட்டேன். ஆமாங்களா? பேச்சிலர்தானுங்களா? நல்லதாப் போச்சு. என்ன காரியம்னு அப்பறமா சொல்றேன், ஈரோடு வரைக்கும் நேரம் கெடக்குது. இப்பத்தான அரக்கோணமே வந்துருக்குது. மொதல்ல இந்தப் பேச்சிலர்ங்கற வார்த்தை என்னைய என்ன பாடு படுத்துச்சுன்னு கேளுங்க. அந்தக் காதுல மாட்டியிருக்கறதக் கழட்டிருங்க, பேட்டரி தீந்துறப்போகுது.

எனக்கு கவுந்தப்பாடிங்க. பேரு சென்னியப்பன். தவிடு புண்ணாக்குக் கடை வச்சிருக்கறேன். பாத்தீங்களா, சிரிக்கறீங்க. புண்ணாக்குன்னா மனுசனுக்குச் சிரிப்பு வந்துருது, மாடு சிரிக்குதுங்களா? எங்கூர்ல வணிகர் சங்கத்துக்கு நான் துணைத்தலைவருங்க. அதனால நாலு பேரு முன்னால எந்திரிச்சுப் பேசறதுன்னா எனக்கு பயமே இல்ல. அந்தப் பயம் கொஞ்சம் இருந்திருந்தா இன்னைக்கு இந்த வண்டில ஒக்காந்திருக்க மாட்டேன்.

எம்பொண்ணு பேரு சம்யுக்தா. அவங்கம்மா வச்ச பேரு. எனக்கு வாயில ஒழுங்கா வராது, கண்ணுன்னுதான் கூப்புடுவேன். மெட்ராசுல காலேஜு, அங்கயே ஹாஸ்டலு. போன வருசம் ஒரு நா போன்ல பேசிட்டிருந்தப்ப, "இன்னைக்கு சாம்பார் நல்லால்லீங்கப்பா"ன்னா. அவ்வளவுதாங்க சொன்னா. அதுக்கப்பறம் வேற என்னமோ சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனா. எனக்கு ஒண்ணும் காதுல ஏறல. போனை வச்சுப்போட்டு ஒக்காந்து யோசிச்சேன். எம்பொண்ணு சாம்பார் நல்லால்லாத ஊர்ல கெடக்கறா. இங்க நான் மூட்டை மூட்டையா ஊரு மாட்டுக்கெல்லாம் தீவனம் போட்டுட்டிருக்கறேன். முடிவு பண்ணிட்டேன். மெட்ராசுல ஒரு ப்ளாட்டு வாங்கிப்போடறதுன்னு.

எங்க வீட்டம்மா வளர்மதி கேட்டா, "ஏனுங்க, ஒரு சாம்பாருக்கு ஒரு வீடாங்க?"ன்னு. "உனக்கு ஒண்ணும் தெரியாது புள்ள"ன்னேன். "சரி, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் செய்யுங்க"ன்னா. பெத்த பொண்ணுகிட்ட பர்மிஷன் வாங்கிட்டா அவளுக்கு வீடு வாங்கறது? நீங்களே சொல்லுங்க. நான் பொதுவா யாரு விசயத்துலயும் தலையிட மாட்டேனுங்க. அந்தப் பழக்கமே எனக்குக் கெடையாது. ஆனா இது என்ற பொண்ணு விசயம்.

வாய்க்கா மேட்டுல ஒரு சைட்டு சும்மா முள்ளு மொளச்சுக் கெடந்துச்சு. அதை வந்த வெலைக்குத் தள்ளிவிட்டுப்போட்டு மெட்ராசுக்கு வண்டி ஏறுனேன். மொதல்ல காலேஜுப் பக்கத்துலயே பாத்தேன். வெலையச் சொன்னாங்க, நான் ஒக்கார எடம் தேடுனேன். அப்பறம் கொஞ்சங் கொஞ்சமாத் தெக்க தள்ளிப் போனனுங்க. தெக்க போகப் போகத்தான் நம்ம கைக்கு அடங்குச்சு. மேடவாக்கமும் தாண்டி ஒரு எடத்துல, ஸ்ரீ குபேரலட்சுமி என்க்ளேவ்னு புதுசாக் கட்டி நின்னுச்சு. டை கட்டுன பையன் ஒருத்தன் வந்து, "சிட்டிக்குள்ளயே இந்த ரேட்டுக்கு வேற எங்கயும் கெடைக்காது சார்"ன்னான். சுத்திப் பாத்தேன். பொட்டல். "சிட்டி எங்கப்பா?"ன்னேன். "வந்துட்டே இருக்கு சார்"ன்னான்.

வீடு சின்னதுதான். ஒரு பெட்ரூமு, ஒரு ஹாலு, ஒரு கிச்சனு. ஹாலுல கையை நீட்டிச் சோம்பல் முறிச்சா செவுத்துல இடிக்கும். ஆனா பால்கனிக்குப் போனேன் பாருங்க, அங்க மனசு விழுந்துருச்சு. லேக் வியூன்னு அந்தப் பையன் காட்டுனான். ஏரின்னு சொன்னா ஏரிதான், முக்காவாசி கோரைப்புல்லு. ஆனா அதுக்குள்ள எருமைங்க நின்னுச்சுங்க. நல்ல கருகருன்னு, முதுகு மினுங்க. அப்புடி மினுங்கோணும்னா பருத்திக்கொட்டை போடாம ஆகாது. "இது யாரு எருமைப்பா?"ன்னேன். அந்தப் பையன் முழிக்கறான். எருமைய இப்புடி வளக்கற ஊர்ல எம்பொண்ணு நல்லா இருப்பான்னு அங்கயே அட்வான்ஸக் குடுத்துப்போட்டேன்.

டீ சாப்புடறீங்களா? வேண்டாமா? சரி, எனக்கு மட்டும் ஒண்ணு குடுப்பா.

பால் காய்ச்சுற அன்னைக்குத்தான் கண்ணுக்கே சொன்னோம். ஊர்ல இருந்து ஒரு வேன் நிறைய ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து எறங்குச்சு. ஹாலுக்குள்ள பாதிப் பேரு, மாடிப்படியில மீதிப் பேரு. பால் பொங்கி வழிஞ்சப்ப கண்ணு அவங்கம்மா பக்கத்துல நின்னுட்டு என்னையே பாத்துச்சு. கூட அவளோட ஹாஸ்டல் சிநேகிதிங்க ரெண்டு பேரும் வந்திருந்தாங்க. தூத்துக்குடிப் பொண்ணு ஒண்ணு, ஜெனிட்டா. அரியலூருப் பொண்ணு ஒண்ணு, மணிமொழி. மூணும் ஒட்டிப் பொறந்த மாதிரி சேந்தே திரியும். கண்ணு என்ற கையப் புடிச்சுட்டு, "அப்பா, அடுத்த வருசத்துல இருந்து நாங்க மூணு பேரும் இங்கயே இருந்துக்கறங்கப்பா, நாங்களே சமைச்சுக்குவோம்"ன்னா. பால்கனில கூடை நாற்காலி தொங்கவிடறதுக்குக் கொக்கி எங்க அடிக்கறதுன்னு அப்பவே மூணும் கூடிப் பேசுதுங்க. எம்பொண்ணு மூஞ்சில அந்தச் சந்தோசத்த, மொத மொத சைக்கிள் வாங்கிக் குடுத்தப்பப் பாத்ததுங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதுக்குத்தானுங்க இவ்வளவும். நான் வாங்குன வீட்டுல ஒக்காந்து எம்பொண்ணு சந்தோசமா ஒரு வாய் சோறு திங்கோணும். வேற ஆசையே எனக்கு இல்ல.

அங்கயே நிறுத்தியிருந்தா நான் நல்லவன்.

ரெண்டு மாசங்கழிச்சு அசோசியேஷன் மீட்டிங்னு கூப்புட்டாங்க. கண்ணுக்கு அப்ப பரீட்சை நேரம், அது முடிஞ்சு ஜூன் மாசந்தான் குடி வர்றதா ஏற்பாடு. ஓனருங்கற முறைல நான் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாம்னு போனேன். கீழ காரு நிறுத்துற எடத்துல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லாரும் ஒக்காந்திருந்தாங்க. செக்ரட்டரி தேவசகாயம்னு, ரயில்வேல இருந்து ரிட்டையர் ஆனவரு. சட்டம் பேசறவரு, ஆனா நல்ல மனுசன்.

விசயம் என்னன்னா, மூணாவது மாடில வாடகைக்கு நாலு ஐ.டி. பசங்க இருந்தானுங்க. சத்தமாப் பாட்டு வெக்கறானுங்களாம். மொட்டை மாடில அரை ட்ரவுசராக் காயப்போடறானுங்களாம். அதைப் பாத்துட்டு அம்மணிங்களுக்கு வத்தல் காயவெக்க முடியலையாம். ஆளாளுக்குக் கசமுசன்னு பேசறாங்களே ஒழிய யாரும் எந்திரிச்சு ஒரு தீர்மானமாச் சொல்ல மாட்டேங்கறாங்க. எனக்குத் தாங்குமுங்களா? துணைத்தலைவருங்க நானு. நான் யாரு விசயத்துலயும் தலையிட மாட்டேன், ஆனா ஒரு கூட்டம் இப்புடித் தலையில்லாமத் தடுமாறறப்ப கையக் கட்டிட்டு ஒக்காரவும் மாட்டேன். எந்திரிச்சுட்டேன்.

"அய்யா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம். இது குடும்பங்க வாழற எடம். பேச்சிலருக்கு இங்க என்ன வேலை? ஃபேமிலிக்கு மட்டுந்தான்னு ஒரே போடாப் போட்டுருங்க"ன்னேன். கைதட்டுனாங்க பாருங்க! எங்கூர் சங்கத்துலகூட எனக்கு அப்புடித் தட்டுனதில்ல. ஒரு அம்மா, "பொண்ணுங்க தங்குனா என்ன சார் பண்றது?"ன்னு கேட்டாங்க. எனக்கு வேகம் வந்துருச்சு. "பேச்சிலர்னா பேச்சிலர்தானுங்க, இதுல ஆணென்ன பொண்ணென்ன? பொண்ணுங்க தனியா இருந்தா வாசல்ல பைக்கு வந்து நிக்கும்"ன்னேன். அதுக்கும் தட்டுனாங்க. செக்ரட்டரி மெதுவா, "ஓனரோட பிள்ளைங்களே தனியா வந்து இருந்தா?"ன்னாரு. நல்ல மனுசன்னு சொன்னனில்ல, எனக்கு ஒரு கதவத் தொறந்து வச்சுக் காட்டியிருக்கறாரு. நான் அந்தக் கதவையும் சாத்துனேன். "ஓனர்னா என்னங்க, தலையில கொம்பா மொளச்சிருக்குது? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்!"

சத்தியமாச் சொல்றேன், அந்த நேரத்துல எம்பொண்ணு எனக்கு ஞாபகமே வரல. பேச்சிலர்னா எனக்கு மூணாவது மாடியில காயற ட்ரவுசர்தான் தெரியுது. எம்பொண்ணு எப்புடிங்க பேச்சிலர்? அவ எம்பொண்ணு!

அதோட உட்டனா? இல்ல. வெறும் வாய்ப்பேச்சு நிக்காது, வாசல்ல ஒரு போர்டு வேணும்னேன். செலவு என்ற பொறுப்புன்னேன். நம்மூரு வழக்கந்தான் உங்களுக்குத் தெரியுமே, கோயிலுக்கு ஒரு ட்யூப்லைட்டு வாங்கிக் குடுத்தாக்கூட வெளிச்சம் வெளிய வராத அளவுக்கு அதுல உபயம்னு பேரு எழுதிப்போடுவோம். நல்ல தகரத்துல, மஞ்சக் கலர் அடிச்சு, செகப்புல எழுதச் சொன்னேன். "இங்கு ஃபேமிலிக்கு மட்டும். பேச்சிலர்களுக்கு அனுமதி இல்லை." அதுக்குக் கீழ, மேல இருக்கறதவிட ஒரு சுத்துப் பெரிய எழுத்துல, "உபயம்: ஆர். சென்னியப்பன், தவிடு புண்ணாக்கு வியாபாரம், கவுந்தப்பாடி." கேட்டுல மாட்டி, வாட்ச்மேன் ஏழுமலைகிட்ட, "எமனே வந்தாலும் ஃபேமிலியோட வந்தாத்தான் உள்ள உடோணும்"னு சொல்லிப்போட்டு ஊருக்கு வந்துட்டேன். வளரு என்னாச்சுன்னு கேட்டா. "இனி நம்ம பொண்ணுக்கு ஒரு பயமும் இல்ல"ன்னேன்.

காட்பாடிங்களா இது? வடை வரும், நல்லாருக்காது. வாங்காதீங்க.

ஜூன் மாசம் கண்ணு ஹாஸ்டலக் காலி பண்ணிட்டா. மூணு பேரு பெட்டி, படுக்கை, பக்கெட்டு, அந்தக் கூடை நாற்காலி எல்லாத்தையும் ஒரு குட்டியானை வண்டில ஏத்திட்டு வந்து எறங்கியிருக்கறாங்க. நான் கடையில மூட்டைய எடை போட்டுட்டிருந்தேன். போன் வந்துச்சு.

"அப்பா, நான் யாருங்கப்பா?"

"என்ன கண்ணு இப்புடிக் கேக்கற? நீ எம்பொண்ணு."

"இல்லீங்கப்பா. வாட்ச்மேன் அண்ணன் நான் பேச்சிலர்ங்கறாரு. உள்ள உட மாட்டேங்கறாரு."

"யாரு அவன்? நான் ஓனருன்னு சொல்லு. என்ற பேரச் சொல்லு!"

"சொல்ல வேண்டியதில்லீங்கப்பா. போர்டுலயே இருக்குது."

அந்தப் பக்கம் சிநேகிதிங்க ரெண்டும் சிரிக்கறது கேக்குது. எம்பொண்ணு சிரிக்கல. அவ அழுகறாளா இல்லியான்னு எனக்குத் தெரியல, தெரியாததுதான் கஷ்டமா இருந்துச்சு. "உங்க ஆசைக்கு வீடு வாங்குனீங்க, உங்க ஆசைக்கு போர்டு வச்சீங்க. ரெண்டு தடவையும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல"ன்னா. வச்சுட்டா. ஹாஸ்டல்ல அவங்க ரூமு அதுக்குள்ள வேற ஆளுக்குப் போயிருச்சு. காலேஜுக்கு வெளிய ஏதோ லேடீஸ் ஹாஸ்டல்ல போயி மூணு பேரும் ஒரு ரூமுல அடைஞ்சிருக்கறாங்க. அங்க சாம்பார் எப்புடின்னு கேக்க எனக்கு வாய் வரல.

ஓடுனேன் மெட்ராசுக்கு. செக்ரட்டரி வீட்டுல காப்பி குடுத்தாங்க. "அய்யா, பேச்சிலர்னா மீசை வச்ச பசங்கதானுங்களே, கொழந்தப் பொண்ணுங்க எப்புடிங்க"ன்னேன். "'ஆணென்ன பொண்ணென்ன'ன்னு நீங்கதான் கேட்டீங்க சார். நானும் கைதட்டுனேன்"னாரு. "நான் ஓனருங்க"ன்னேன். "கொம்பு முளைக்கலைன்னும் நீங்கதான் சொன்னீங்க"ன்னாரு. என்ற பேச்சு என்னைவிட அவருக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்குது. மறுபடியும் மீட்டிங் போடச் சொல்லி, எந்திரிச்சு, பேச்சிலருங்களும் மனுசங்கதான்னு பேசிப் பாத்தேன். ஒரு கைதட்டு இல்ல. வத்தல் காயவெக்க முடியலைன்ன அம்மணி ஒருத்தங்க, "யார் இவரு?"ன்னு பக்கத்துல கேக்கறாங்க.

சரி, நானே வந்து கூட இருந்துட்டா அது ஃபேமிலிதானேன்னு யோசிச்சேன். செக்ரட்டரிகிட்டச் சொன்னேன். அவரு மூக்குக் கண்ணாடியக் கழட்டிட்டு, "உங்க ஃபேமிலி எங்க சார்?"ன்னாரு. "நானும் எம்பொண்ணுந்தான் ஃபேமிலி." "அது சரி. ஃபேமிலி எங்க?"ன்னாரு மறுபடியும்.

அப்பறந்தான் எனக்கு வெளங்குச்சு. நம்மாளுங்க, 'ஃபேமிலிய ஊருக்கு அனுப்பிச்சுட்டேன்'னா யாரை அனுப்பிச்சான்னு அர்த்தம்? பொண்டாட்டியத்தானுங்களே? 'ஃபேமிலிக்கு ஒடம்பு சரியில்ல'ன்னா யாருக்கு? ஃபேமிலின்னா பொண்டாட்டிங்க. நாம இல்ல. நாம எத்தன வருசம் சம்பாரிச்சுப் போட்டாலும் ஃபேமிலிக்குப் பக்கத்துல நிக்கற ஆளு, அவ்வளவுதான். இதை யாரும் எனக்கு அதுவரைக்கும் சொன்னதில்ல.

இருந்தாலும் கண்ணுக்குப் போனப் போட்டேன். "கண்ணு, நானும் அம்மாவும் வந்து இருந்துக்கறோம். நான் ஹாலுல படுத்துக்கறேன். காலைல எழுப்பி உடறேன், காலேஜுக்கு பஸ் ஏத்தி உடறேன், சாயந்தரம் ஸ்டாப்புல வந்து நிக்கறேன்"னேன். முழுசாக் கேட்டா. அப்பறம், "அம்மா மட்டும் வரட்டுங்கப்பா. நீங்க வேண்டாம். உங்களுக்குக் கடை இருக்குதில்ல"ன்னா. பாத்தீங்களா! என்ற மேல எத்தன கோவம் இருந்தாலும், அப்பாவுக்குக் கடை இருக்குது, அவரு அலையக் கூடாதுன்னு ஒரு அக்கற. அந்த மாதிரிப் பொண்ணு யாருக்குங்க அமையும்?

வளரு ஒத்துக்குவாளான்னுதான் எனக்குக் கவலை. கல்யாணமாகி வந்ததுல இருந்து கவுந்தப்பாடிய உட்டு நகராதவ. நோம்பி பண்டிகைக்கு அவங்கம்மா வீட்டுக்குப் போனாக்கூட, "ஐயோ, அவருக்குச் சோறு?"ன்னு பொழுது சாயறதுக்குள்ள வந்துருவா. எப்புடிக் கேக்கறதுன்னு தயங்கித் தயங்கி, "ஏ புள்ள, கொஞ்ச நாளைக்கு மெட்ராசுல..."ன்னு ஆரம்பிச்சேன். உள்ள போனா. பெட்டியோட வெளிய வந்தா. அந்தப் பெட்டிய எப்ப அடுக்கி வச்சான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

அங்க போயி அவ பண்ணுன காரியத்தக் கேளுங்க. செக்ரட்டரி வந்து, "இந்தப் பொண்ணு உங்க பொண்ணு, சரி. மத்த ரெண்டு பேரும்?"ன்னு கேட்டிருக்கறாரு. வளரு யோசிக்கவே இல்ல. ஜெனிட்டாவக் காட்டி, "எங்க அக்கா பொண்ணு"ன்னா. மணிமொழியக் காட்டி, "எங்க தங்கச்சி பொண்ணு"ன்னா. ஜெனிட்டா கழுத்துல சிலுவை தொங்குது. தேவசகாயம் சார் அந்தச் சிலுவையப் பாத்தாரு, வளருவப் பாத்தாரு. "நல்ல குடும்பம்மா"ன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாரு. வளருவுக்கு அக்காளும் இல்ல, தங்கச்சியும் இல்லீங்க.

காலி பண்ணச் சொல்லிக் கெடு குடுத்திருந்த மூணாவது மாடிப் பசங்க இதைப் பாத்துட்டானுங்க. சும்மா இருப்பானுங்களா? அதுல ஒருத்தன் சத்தியமங்கலத்துக்காரன். அவனும் அவங்கம்மாவக் கூட்டிட்டு வந்து குடிவச்சு, நாலு பேரும் அண்ணந்தம்பின்னுட்டான். அவங்களும் ஃபேமிலி ஆயிட்டாங்க. அதைப் பாத்து ரெண்டாவது மாடிப் பையன் ஒருத்தனுக்கும் திண்டுக்கல்ல இருந்து அவங்கம்மா வந்தாங்க. இப்ப அந்த பில்டிங் முழுக்க அம்மாவா இருக்குதுங்க. சாயந்தரமானா மொட்டை மாடில கூட்டம் போட்டு நடக்கறாங்களாம், வாக்கிங்னு. ட்ரவுசர் காயப்போட எடமில்லாமப் பசங்கதான் கஷ்டப்படறானுங்களாம்.

இந்தப் பக்கம் பாருங்க. சத்தியமங்கலத்துல ஒரு அப்பன் தனியாக் கெடக்கறான். திண்டுக்கல்ல ஒருத்தன். கவுந்தப்பாடில நானு. என்ற ஒரு தகரப் போர்டு எங்கெங்கயோ இருக்கற அப்பனுங்கள எல்லாம் பேச்சிலராக்கி உட்டுருச்சு. அந்தச் சத்திக்காரரு போர்டுல இருந்து என்ற பேரக் கண்டுபுடிச்சு, கடைக்கே போன் பண்ணிட்டாரு. "உபயம் பண்ணுன புண்ணியவான் நீங்கதானுங்களா?"ன்னாரு. ஆமாங்கன்னேன். அரை மணி நேரம் திட்டுனாரு. நல்லாத் திட்டுனாருங்க, எங்க பக்கத்துப் பேச்சு, கேக்கச் சுகமா இருந்துச்சு. கடைசில, "அது போகட்டும், குக்கர்ல எத்தன விசில் உடறது?"ன்னு கேட்டாரு. எனக்கும் தெரியல. யாரு மொதல்ல கத்துக்கிட்டாலும் போன் பண்றதுன்னு பேசி வச்சுட்டோம்.

ஜோலார்பேட்டை தாண்டியாச்சுங்களா? நீங்க தூங்கல இல்ல? கண்ண மூடியிருந்தீங்க, அதான் கேட்டேன்.

நேத்துப் போயிருந்தனுங்க, எல்லாரையும் பாத்துட்டு வரலாம்னு. ஒரு சிப்பம் வெல்லம், ஒரு பை தேங்கா எல்லாம் எடுத்துட்டு, வேர்க்க விறுவிறுக்கப் போயி நின்னா, கேட்டுல புது வாட்ச்மேன். ஏழுமலை லீவாம். "யார் வீட்டுக்கு சார்?"ன்னான். "என்ற வீட்டுக்குத்தாம்பா"ன்னேன். "தனியாவா வந்திருக்கீங்க? ஃபேமிலி இல்லியா?"ன்னான். நான் போர்டக் காட்டி, "இதப் படி. இதுல இருக்கற சென்னியப்பன் நான்தான்"னேன். அவன் பூரா எழுத்துக் கூட்டிப் படிச்சான். படிச்சுட்டு, "அப்ப உங்களுக்கே ரூல்ஸ் தெரியும்ல சார்"ன்னான்.

வெல்லத்தோட வெயில்ல நின்னேன். வளரு எறங்கி வந்து, "எங்க வீட்டுக்காரருதான், உடுங்க"ன்னு கூட்டிட்டுப் போனா. சுடிதாரு போட்டிருந்தா. என்ற பொண்டாட்டிங்க, சுடிதாரு! நல்லாத்தான் இருந்துச்சு, சொல்றதுக்குத்தான் கூச்சமாப் போச்சு. உள்ள மூணு பொண்ணுங்களும் ஏதோ பேசிச் சிரிச்சுட்டிருந்துச்சுங்க. நான் போனதும் டக்குனு நிறுத்திட்டு எந்திரிச்சு நின்னுச்சுங்க. மரியாதைங்க. அந்த மரியாதை இல்லாம இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

கண்ணு எனக்கு அவ கையாலயே தட்டு போட்டா. சாம்பாரு. அவ வச்சது. நான் ஒரு வாய் வச்சுட்டு நிமுந்தேன், எதிர்ல நின்னு என்ற மூஞ்சியவே பாத்துட்டிருக்கறா. "எப்புடீங்கப்பா இருக்குது?" உப்பு தூக்கல்தான். ஆனா அந்தச் சிரிப்பு, சைக்கிள் சிரிப்பு, மறுபடியும் வந்துருச்சுங்க. கோவமெல்லாம் போயிருச்சு. பால்கனில அந்தக் கூடை நாற்காலி தொங்குது, அந்தாண்ட எருமை நிக்குது. நான் ஆசப்பட்டது அப்புடியே நடந்துருச்சு. என்ற வீட்டுல எம்பொண்ணு சந்தோசமாச் சோறு திங்கறா. நான் மட்டும் அதுல இல்ல. அது ஒண்ணுதான் கணக்குல உட்டுப்போச்சு.

கெளம்பறப்ப வளரு வாசல் வரைக்கும் வந்து, "அங்க சோத்துக்கு என்னங்க பண்றீங்க?"ன்னா. "மெஸ்ஸுல சாப்புடறேன், பிரமாதமா இருக்குது"ன்னேன். "சாம்பாரு?"ன்னா. "நீ வெக்கறதவிட நல்லாருக்குது"ன்னேன். மூஞ்சி கொஞ்சம் சுண்டுச்சு, ஆனா நிம்மதியா உள்ள போயிட்டா.

பொய்யிங்க. எங்கூர்ல மெஸ்ஸே கெடையாது. ரெண்டு வேளை பன்னும் டீயும், ராத்திரிக்குச் சோத்துல மோரு ஊத்திக்கறது. வீட்டக் கதவத் தொறந்தா ப்ரிஜ்ஜு ஓடற சத்தம் மட்டுந்தான் கேக்குது. வளரு இருந்தப்ப, இந்தப் பொம்பளை ஏன் ஓயாமப் பேசறான்னு இருக்கும். இப்ப கடையச் சாத்த மனசே வர்றதில்லீங்க, மாட்டுக்காரங்ககிட்டயே பேசிட்டு நின்னுக்கறேன். அவள ரொம்பத் தேடுது, தம்பி. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, ஈரோட்டுல எறங்குனா நீங்க யாரோ நான் யாரோ.

"வந்துருன்னு ஒரு வார்த்தை சொன்னா வந்துருவாங்களே"ங்கறீங்களா? வந்துருவாங்க. அதுதாங்க பயமே. ஒரே ஒரு தடவ நான் போன்ல, "இன்னைக்கு சாம்பார் நல்லால்ல"ன்னு சொல்லட்டும், மறுநா காலைல பெட்டியோட வந்து நிப்பா. அவ இங்க வந்துட்டா அங்க ஃபேமிலி இல்ல. ஃபேமிலி இல்லைன்னா எம்பொண்ணு மறுபடியும் பக்கெட்டும் நாற்காலியுமா அந்த போர்டுக்குக் கீழ, என்ற பேருக்குக் கீழ நிக்கோணும். அதனால எனக்கு எங்க சாப்புட்டாலும் சாம்பாரு பிரமாதங்க. அவ படிச்சு முடிக்கற வரைக்கும் பிரமாதந்தான்.

அதுக்குத்தாங்க மொதல்லயே கேட்டேன், பேச்சிலருங்களான்னு. நீங்களே பொங்கித் திங்கற ஆளாத் தெரிஞ்சுது. சேலம் வந்துருச்சு, இனி நேரமில்ல, சட்டுனு சொல்லுங்க. இந்த ரசம் இருக்குதில்லீங்க, அதுக்குப் புளியக் கரைச்சுட்டு மொளகு போடறதா, இல்ல மொளகு போட்டுட்டுப் புளியக் கரைக்கறதா?